பொடி விளையாட்டுக்கு ஒரு விண்ணப்பம்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளோடு சற்று நேரம் உட்கார்ந்து பேசுவது என் வழக்கம். சென்ற மாதம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுவன் என்னிடம் வந்து, "ஐயா, கதிர்வீச்சு இருக்கிற சாமான் பச்சையா மின்னும்தானே? மின்னலேன்னா தொடலாமில்ல?" என்று கேட்டான்.

சும்மா கேட்ட கேள்வி இல்லை இது. அவனுடைய தந்தை தென்காசிப் பக்கத்துக்காரர். பொம்மசந்திராவில் ஓசூர் சாலையோரம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் பையனும் கடையில் உட்கார்ந்து, பித்தளை ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவான். சுற்றிலும் தொழிற்சாலைகள். எந்த லாரியில் எது வரும் என்று யாருக்கும் தெரியாது. "மின்னும் என்று யார் சொன்னது?" என்று கேட்டேன். என் பேரனைக் கையால் காட்டினான். இருவரும் சேர்ந்து கணிப்பொறியில் ஆடும் விளையாட்டில் அப்படித்தான் இருக்கிறதாம்.

அன்று மாலையே பேரனிடம் சொல்லி அந்த விளையாட்டை எனக்குக் காட்டச் சொன்னேன். அதன் பெயர் 'தி பவுடர் டாய்'. இலவசமாகக் கிடைப்பது. அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது. தெரிந்தவர் எவரும் திருத்தலாம், தெரியாதவர் ஆலோசனை எழுதலாம். திரையில் 612 கட்டம் அகலம், 384 கட்டம் உயரம் கொண்ட ஒரு வெற்றுப் பரப்பு. மணலைத் தூவினால் குவியலாகச் சரிகிறது. நீரை விட்டால் ஓடுகிறது. இரும்பைச் சுடவைத்தால் உருகிக் குழம்பாகிறது. துகளுக்குத் துகள் சூடு பரவுகிறது. வெற்றி தோல்வி என்று ஏதும் கிடையாது, பிள்ளைகள் மணல்மேட்டில் வீடு கட்டி விளையாடுவார்களே, அதைப் போலத்தான். உண்மையைச் சொன்னால் நானும் இரவு பதினோரு மணி வரை விளையாடினேன். இவள் வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

மணல் எனக்குப் புதிதல்ல. நான் பிறந்தது குமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில். எங்கள் கடற்கரை மணல் ஓரிடத்தில் கறுப்பாகவும் ஓரிடத்தில் செந்நிறமாகவும் இருக்கும். அதில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். கயிற்று நாரில் ஒட்டி அயல்நாடு போன மணலைப் பார்த்துத்தான் இங்கே தேடி வந்தாராம். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் பெரும்பாலும் தோரியம் ஆக்சைடுதான். கல்யாண வீட்டில் வெள்ளை வெளேர் என்று எரிந்ததே, அது எங்கள் ஊர் மண் என்று என் தந்தை பெருமையாகச் சொல்வார். அந்த மணலுக்குக் கதிரியக்கம் உண்டு. அதன்மேல் படுத்துப் புரண்டு வளர்ந்தோம். ஒருநாளும் பச்சையாகவோ நீலமாகவோ மின்னிப் பார்த்ததில்லை. (அந்த மணலை அள்ளுவது பற்றி ஊரில் நெடுங்காலமாக வழக்கும் வாதமும் உண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது.)

பிழைக்க வந்தது பொம்மசந்திராவுக்கு. இங்குள்ள தொழிற்பேட்டையில் எஃகு உறுப்புகளைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பட்டறையில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆகவே சூடு பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். மற்றது பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம். 850 டிகிரியில் இருந்த பர்னஸின் கதவைத் திறந்தார்கள். நான் ஏழெட்டு அடி தள்ளி நின்றிருந்தேன். டிசம்பர் மாதக் காலை, பட்டறைக்குள் காற்று சில்லென்று இருந்தது. ஆனால் முகம் தீயாய்ச் சுட்டது. டெரிலின் சட்டையின் முன்பக்கம் கையை வைக்க முடியாதபடி கொதித்தது, முதுகுப் பக்கம் குளிர்ந்தே இருந்தது. மேஸ்திரி சேலத்துக்காரர். சிரித்துக்கொண்டே ஒரு தகரத் தகட்டை எடுத்து எனக்கும் கதவுக்கும் நடுவில் பிடித்தார். சூடு அந்த நொடியே நின்றது. தகட்டை எடுத்தார், மறுபடி சுட்டது. "காத்து சுடலைப்பா, வெளிச்சம் மாதிரி பாயுது" என்றார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வெப்பக் கதிர்வீச்சு பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடமும் சிறந்த பாடமும் அதுதான்.

அந்த விளையாட்டில் இந்தப் பாடம் இல்லை. ஒரு துகளை ஒட்டி இன்னொரு துகள் இருந்தால் சூடு ஏறுகிறது. காற்றும் சூடாகும்படி ஒரு விசை வைத்திருக்கிறார்கள், அதைப் போட்டால் காற்று வழியாகவும் போகிறது. ஆனால் நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்தைத் தாண்டி, நேர்க்கோட்டில் பாய்ந்து சுடும் சூடு கிடையாது. அப்படிப் பார்த்தால் அந்த உலகத்தில் சூரியன் உதித்தாலும் பூமி குளிர்ந்தே கிடக்கும். நெல் காயாது, வடகம் காயாது.

ஆகவே என் முதல் ஆலோசனை: சூடான ஒவ்வொரு துகளும் வெப்பக் கதிரை வீச வேண்டும். எவ்வளவு வீச வேண்டும் என்பதற்கு ஸ்டீபன்–போல்ட்ஸ்மான் விதி இருக்கிறது. தனிச்சுழியிலிருந்து, அதாவது −273 டிகிரியிலிருந்து கணக்கிட்ட வெப்பநிலையை நான்கு முறை தன்னோடு தானே பெருக்கிய அளவுக்கு வீச்சு இருக்கும். 850 டிகிரியில் உள்ள பர்னஸ் வாய், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 கிலோவாட் வீசும். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்றால், தொண்ணூறு பெட்டிகள். 1100 டிகிரிக்கு ஏற்றினால் 200 கிலோவாட்டைத் தொட்டுவிடும். எண்ணைப் பார்த்தால் 250 டிகிரிதான் கூடியிருக்கிறது, ஆனால் வெளியே பாய்வது இரண்டு மடங்குக்கு மேல். 'கொஞ்சம்தானே ஏற்றினோம்' என்று பக்கத்தில் போய்ப் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிறமும் சேர வேண்டும். 525 டிகிரி அளவில் இருட்டில் மங்கிய சிவப்பு, 800 வாக்கில் செர்ரிப் பழச் சிவப்பு, ஆயிரத்தைத் தாண்டினால் மஞ்சள், அதற்கும் மேலே வெண்மை. எங்கள் மேஸ்திரி கருவியைப் பார்க்கும் முன்பே நிறத்தைப் பார்த்து டிகிரி சொல்வார், இருபது டிகிரிக்கு மேல் தவறியதில்லை.

இதைப் பேரனிடம் சொன்னபோது அவன் உடனே மறுத்தான். "தாத்தா, மொத்தம் 2,35,008 கட்டம். ஒவ்வொண்ணும் மத்த எல்லாத்தையும் பாக்கணும்னா ஐயாயிரத்து ஐந்நூறு கோடி ஜோடி. வினாடிக்கு அறுபது தடவை. கம்ப்யூட்டர் அழுதிடும்." கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் தோற்றதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

ஆனால் வழி இருக்கிறது. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேலே போன துகள் மட்டும், குருட்டாம்போக்கில் ஏதோ ஒரு திசையில் ஒரு சிறு 'வெப்பப் பொட்டலத்தை' எறியட்டும். அது எதில் முட்டுகிறதோ அதைச் சூடாக்கட்டும். எறிந்தது அந்த அளவுக்குக் குளிரட்டும். பல்லாயிரம் பொட்டலங்கள் சேர்ந்தால் சராசரி சரியாக வந்துவிடும். இதற்கு மாண்டி கார்லோ முறை என்று பெயர். 1940களில் அமெரிக்காவின் லாஸ் அலமாசில் உலாமும் நாய்மனும் நியூட்ரான்களின் போக்கைக் கணக்கிட இதைத்தான் கையாண்டார்கள். விளையாட்டில் ஒளித்துகள் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு ஒரு தம்பியைச் சேர்த்தால் போதும். விண்மீனின் அடுக்குகளுக்குள் கதிர் எப்படி வழி தேடி வெளியே வருகிறது என்பதைச் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர் 1950இல் ஒரு முழு நூலாகவே எழுதிவைத்தார். அவர் பெயரைச் சொல்லி நாம் விழா எடுக்கிறோம், மாலை போடுகிறோம். அவர் எதைப் பற்றி எழுதினார் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

இரண்டாவது ஆலோசனை சமையலறையிலிருந்து வருகிறது. அந்த விளையாட்டில் நீர் நூறு டிகிரியைத் தொட்டதும் அப்படியே ஆவியாகிவிடுகிறது. நம் இல்லத்தரசிகள் இதை ஒப்புக்கொள்வார்களா? பானையில் கொதி வந்த பிறகும் அது வற்ற எவ்வளவு நேரம், எவ்வளவு எரிவாயு! நூறு டிகிரி நீர் ஒரு கிராமை நூறு டிகிரி ஆவியாக்க 540 கலோரி வேண்டும். அந்த ஆவி கையில் பட்டு மீண்டும் நீராகும்போது அத்தனையையும் கையில் இறக்கிவிடும். இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது சுடுவது கொதிநீர் சுடுவதைவிட மோசமாக இருப்பது அதனால்தான். உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்திருப்போம். அதையும் சேர்க்க வேண்டும். இதில் கணிப்பொறிக்குப் பெரிய சிரமம் இருக்காது என்று பேரனே ஒப்புக்கொண்டான்.

இனி மற்றதற்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தமிழில் நமக்கு ஒரு சங்கடம். பர்னஸிலிருந்து பாய்வதும் கதிர்வீச்சு, கோபால்ட்டிலிருந்து பாய்வதும் கதிர்வீச்சு, கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வருவதும் கதிர்வீச்சு என்கிறோம். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. எங்கள் குடியிருப்பில் கைப்பேசிக் கோபுரம் வேண்டாம் என்று கையெழுத்து வாங்க வந்தவர் ஒருவர், அணுகுண்டைப் பற்றியே அரைமணி நேரம் பேசினார். அணுக்கரு சிதைந்து வருவதையாவது 'கதிரியக்கம்' என்று பிரித்துச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

விளையாட்டில் புளூட்டோனியம் பச்சை நிறம். நியூட்ரான்கள் இளநீலப் புள்ளிகளாகத் துள்ளுகின்றன. யுரேனியம் அழுத்தம் கூடினால் கொதிக்கிறது. பிறகு எல்லாம் வெடிக்கிறது. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். ஆபத்து என்றால் அது நிறத்தோடும் சூட்டோடும் சத்தத்தோடும் வரும் என்பது அவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. நான் குறை சொல்ல வரவில்லை. திரையில் காட்ட வேண்டுமென்றால் ஒரு நிறம் கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்தப் பழைய இரும்புக் கடைப் பையனின் கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது.

2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததைச் சிலர் மறந்திருக்கலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த ஒரு காமா கதிர்க் கருவியை அந்த ஆண்டு பிப்ரவரியில் ஏலத்தில் விற்றார்கள். வாங்கியவர்கள் பழைய இரும்புக் கடைக்காரர்கள். உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாமல் உடைத்துப் பிரித்தார்கள். ஏப்ரலில் சிலருக்கு முடி உதிர்ந்தது, தோல் கறுத்தது. ஒருவர் இறந்தார். அந்தக் கோபால்ட் மின்னவில்லை, சுடவில்லை, மணக்கவும் இல்லை. எடைக்கு எடை விலை போகும் பளபளப்பான உலோகமாக மட்டும் இருந்தது.

அதற்கு முன்பு 1987 செப்டம்பரில் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் நடந்தது இதைவிடக் கொடுமை. கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து எடுத்துவந்த கருவிக்குள் சீசியம்-137 இருந்தது. அதுவும் பொடிதான். அது இருட்டில் நீலமாக மின்னியது. மின்னியதால் ஆபத்து என்று யாரும் ஓடவில்லை, அதிசயம் என்று உறவினரையெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஒரு சிறுமி கையில் பூசி விளையாடினாள். நான்கு பேர் இறந்தார்கள், அவர்களில் அவளும் ஒருத்தி. வயது ஆறு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதிக்க வேண்டியிருந்தது.

இங்கும் பழைய இரும்புக் கடைதான், அங்கும் பழைய இரும்புக் கடைதான். பெங்களூரில் இந்தத் தொழிலில் நம்மவர் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

இன்னொரு செய்தி. என் மனைவிக்கு மூன்றாண்டுகளுக்கு முன் புற்றுநோய்க்காகக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். முதல் நாள் அவள் பயந்தது சூட்டுக்குத்தான். "அடுப்புல கை வைக்கிற மாதிரி சுடுமா?" என்று கேட்டாள். வெளியே வந்ததும், "ஒண்ணுமே தெரியலையே, மெஷினைப் போட்டாங்களா இல்லையா?" என்றாள். இதற்குக் கணக்கு உண்டு. ஒருவரின் உடல் முழுவதும் ஒரேயடியாக 4 கிரே அளவு கதிர்வீச்சு பட்டால், மருத்துவம் கிடைக்காவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் சில வாரங்களில் இறந்துவிடுவார்கள். 4 கிரே என்பது கிலோவுக்கு 4 ஜூல். 70 கிலோ உடம்புக்கு 280 ஜூல். உடல் வெப்பம் இதனால் ஆயிரத்தில் ஒரு டிகிரி அளவுதான் கூடும். ஒரு மடக்குச் சூடான காப்பி இதைவிட அதிக வெப்பத்தை வயிற்றுக்குள் இறக்குகிறது. அதாவது கொல்வது சூடு அல்ல, உயிரணுக்களுக்குள் நடக்கும் உடைப்பு. (இவளுக்குக் கொடுத்தது அளந்து, ஓரிடத்துக்கு மட்டும் குறிவைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்தது. இப்போது நலமாக இருக்கிறாள். விளக்கை அணைத்தவள் இவள்தான்.)

எனவே என் மூன்றாவது ஆலோசனை: கதிரியக்கம் விளையாட்டில் கண்ணுக்குத் தெரியக்கூடாது. காமா என்ற ஒரு கதிரைச் சேர்த்து, அதற்கு நிறமே கொடுக்காமல் விடட்டும். ஆடுபவர் ஒரு கைகர் கருவியை எடுத்துப் பரப்பில் வைத்தால் மட்டும் 'டிக் டிக்' என்று கேட்கட்டும். விளையாட்டில் ஒரு குச்சி மனிதன் இருக்கிறான். அவன் உடம்பில் ஏறும் அளவைக் கூட்டிக்கொண்டே வரட்டும். ஆனால் அந்த நேரம் அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஓடியாடிக்கொண்டிருக்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து, எல்லாரும் மறந்த பிறகு, விழட்டும். 'ஏன் விழுந்தான்?' என்று பிள்ளை பின்னால் போய்த் தேட வேண்டும்.

மறைப்பும் பொருளுக்குப் பொருள் வேறுபட வேண்டும். எங்கள் மேஸ்திரியின் தகரம் பர்னஸ் சூட்டை நிறுத்தியது. கோபால்ட் காமாவுக்கு அது காகிதம் மாதிரி. அதைப் பாதியாகக் குறைக்கவே ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். இன்னொரு 12 வைத்தால் பாதியில் பாதி. பத்து அடுக்கு வைத்தால் ஆயிரத்தில் ஒன்று கசியும், அப்போதும் சுழியாகாது. அரை ஆயுளும் வேண்டும். வார்ப்படங்களில் விரிசல் பார்க்கப் பயன்படும் இரிடியம்-192 சுமார் 74 நாளில் பாதியாகும், கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டில், எங்கள் ஊர்த் தோரியம் 1,400 கோடி ஆண்டில். விளையாட்டுக்குத் தக்கபடி காலத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு தெரிய வேண்டும்.

தூரத்தில் மட்டும் எனக்கும் பேரனுக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. நம் உலகில் இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் கால் பங்காகும். தாள் போலத் தட்டையான அந்த உலகில் அது வட்டமாகத்தான் பரவும், ஆகவே பாதிதான் ஆகும். இயற்கையாக வருவதை அப்படியே விடலாம் என்கிறான் அவன். தள்ளி நிற்பதன் பயன் பிள்ளைகளுக்குத் தெரிய, கால் பங்காகக் குறைக்க வேண்டும் என்கிறேன் நான்.

சங்கச் செயற்குழுவில் இதைச் சொன்னபோது ஒருவர், "ஐயா, விளையாட்டை நிறுத்தச் சொல்வீர்கள் என்று பார்த்தால் திருத்தச் சொல்கிறீர்களே" என்றார். நிறுத்தினால் நிற்குமா? நம் பிள்ளைகள் மூன்று மொழியில் பள்ளிப்பாடம் படித்து, வீட்டுக்கு வந்து நான்காவதாக இதைத் தாமே விரும்பிப் படிக்கிறார்கள். விரும்பிப் படிப்பது சரியாக இருக்கட்டும் என்கிறேன். இன்னொருவர், இத்தனையையும் சேர்த்தால் விளையாட்டு பாடப்புத்தகம் ஆகிவிடும் என்றார். அது நியாயமான அச்சம். காற்றுச் சூட்டுக்கு விசை வைத்திருப்பதுபோல இவற்றுக்கும் ஒரு விசை வைத்துவிட்டால் போயிற்று. வெடிக்க விரும்புகிறவர் வெடிக்கட்டும்.

கடிதத்தின் ஆங்கிலப் படியைப் பேரன் எழுதிக்கொண்டிருக்கிறான். இட்லிக் கொப்பரையை எப்படி எழுதுவது என்று நேற்றுக் கேட்டான். அடுத்த ஞாயிறு வகுப்பில் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டி, வேறு ஆலோசனை இருந்தால் சேர்த்து அனுப்புவதாக இருக்கிறோம். பெற்றோர்களும் வரலாம்.

அந்தப் பையனுக்கு மட்டும் அதுவரை காத்திருக்க மனம் வரவில்லை. அன்று மாலையே மஞ்சளில் மூன்று இதழ் உள்ள பழைய எச்சரிக்கைக் குறியையும், அது பலருக்குப் புரியவில்லை என்று 2007இல் அனைத்துலக அணுசக்தி முகமை வெளியிட்ட சிவப்பு முக்கோணக் குறியையும் பெரிதாக அச்சடித்து எடுத்துப் போனேன். இரண்டாவதில் மண்டையோடும் ஓடுகிற மனிதனும் இருப்பதால் எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். கீழே தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும், 'இந்தக் குறி இருந்தாலோ, அளவுக்கு மீறிக் கனக்கும் மூடிய உருளை வந்தாலோ உடைக்காதே, வெட்டாதே, தள்ளி நில்' என்று எழுதினோம். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "சரிங்க அண்ணாச்சி, தள்ளி நின்னுட்டு யாருக்குச் சொல்றது?" என்று கேட்டார். அதை நான் எழுத மறந்திருந்தேன். பையன் பேனாவை வாங்கி, ஓரத்தில் 112 என்று பெரிதாக எழுதி, எடை மேடைக்கு மேலே ஒட்டினான்.